பிரிக்காத மடிப்பு

கோவில்பட்டியில் எங்கள் அப்பாவின் தையல் கடைக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு அவரைப் பார்த்ததும் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியாது. மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். அகலமான தோள், நிமிர்ந்த முதுகு, கழுத்தில் இஞ்ச் டேப். துணியை வாங்கி விரித்துப் பார்த்து, "என்னைக்கு வேணும்?" என்று கேட்கும்வரை எல்லாம் சாதாரணம்தான். அளவெடுக்க அவர் எழுந்து வரும்போது ஒரு நொடி பேச்சு நிற்கும். உட்கார்ந்திருந்தபோது வாட்டசாட்டமாகத் தெரிந்தவர், நின்றால் வந்தவரின் தாடைக்குத்தான் வருவார். நாலடி பத்து அங்குலம். இரண்டு முழங்கால்களும் வெளிப்பக்கமாக வளைந்து, நடுவில் ஒரு தலையணையை வைக்கலாம் போல இடைவெளி. நடக்கும்போது உடம்பு இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து போகும்.

சின்ன வயதில் அந்த ஒரு நொடி மௌனத்தை நான் நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். அதற்கு என்ன காரணம் என்று கேட்டதில்லை. அக்காவுக்கும் எனக்கும் அதே கால்கள். தம்பிக்கு மட்டும் இல்லை. எங்கள் வீட்டில் இதற்கு ஒரே சொல்தான்: "வாகு." அப்பா வாகு எங்களுக்கு, அம்மா வாகு தம்பிக்கு. ஆச்சி மட்டும் என்னைச் சவலைப் பிள்ளை என்பாள். பால் பத்தவில்லை, வெயில் படவில்லை என்பாள். கோவில்பட்டியில் வெயில் படவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அன்று எல்லோரும் நம்பினோம்.

இது ஒரு நோய், இதற்கு எக்ஸ்.எல்.எச். (எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் பாஸ்பேட் குறைபாடு) என்று பெயர் இருக்கிறது, நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியவந்தது 2016-ல், என் மகளுக்கு மூன்று வயதானபோது.

மகள் பிறந்தபோது 49 சென்டிமீட்டர். மற்ற குழந்தைகள் மாதிரிதான். இந்த நோயில் பிறக்கும்போது நீளம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். முதல் வருஷத்துக்குள்ளேயே வளர்ச்சி பின்தங்க ஆரம்பிக்கும், ஆனால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரிகிற வீட்டில் அது யார் கண்ணிலும் படாது. அவள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் கால் வளைவது தெரிந்தது. பதினாறு மாதத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். ரிக்கெட்ஸ் என்றார்கள், எலும்பு கெட்டிப்படாமல் வளைகிற நோய். வைட்டமின் டி குறைவு என்று 6 லட்சம் யூனிட் ஊசி, கூடவே சுண்ணாம்புச் சத்து மருந்து. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். போனோம். மாற்றம் இல்லை. இன்னொரு ஊசி. அப்புறம் இன்னொரு டாக்டர், இன்னொரு எக்ஸ்ரே. இப்படியே இரண்டு வருஷம் கிட்டப் போய்விட்டது.

அந்த இரண்டு வருஷத்துக்கும் காரணமான தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ரத்தப் பரிசோதனை அறிக்கை. அதில் பாஸ்பரஸ், அதாவது ரத்தத்தில் உள்ள பாஸ்பேட்டின் அளவு, 2.8 என்று இருக்கிறது. பக்கத்தில் 'இயல்பான அளவு 2.5 முதல் 4.5 வரை' என்று அச்சடித்திருக்கிறது. 2.8 அதற்குள்தானே வருகிறது? அதனால் தடித்த எழுத்தும் இல்லை, அடிக்கோடும் இல்லை. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் 2.5 முதல் 4.5 என்பது பெரியவர்களுக்கான கணக்கு. வளர்கிற குழந்தைக்குப் பாஸ்பேட் அதைவிட நிறைய வேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு 5 என்பது சாதாரணம். 2.8 என்றால் பாதிதான் இருக்கிறது என்று அர்த்தம். வேலூரில் ஒரு டாக்டரம்மா அந்தப் பழைய தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, பேனாவால் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அவ்வளவுதான். இரண்டு வருஷமாக என் கைப்பையில் மடித்து வைத்திருந்த தாளில்தான் பதில் இருந்திருக்கிறது.

கால் வளைந்த குழந்தைக்கு ரிக்கெட்ஸ் என்று சொல்லி ஊசி போட்டும் சரியாகவில்லை என்றால், தயவுசெய்து பாஸ்பரஸ் எண்ணைப் பாருங்கள். குழந்தையின் வயதுக்கு உரிய அளவோடு ஒப்பிட்டுச் சொல்லும்படி டாக்டரிடம் கேளுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்தால் போதும்.

அன்று அந்த டாக்டரம்மா அடுத்து செய்ததுதான் நான் எழுத வந்த விஷயம். மகளை நிற்கவைத்து உயரம் பார்த்தார். 86 சென்டிமீட்டர். பிறகு ஒரு சின்ன மர ஸ்டூலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு அதில் அவளை உட்காரவைத்தார். முதுகு சுவரில் படும்படி நேராக்கி, ஸ்டூலின் பலகையிலிருந்து உச்சந்தலை வரை அளந்தார். 52. "நின்னா 86, உக்காந்தா 52. அப்ப காலுக்கு 34தான்," என்றார். இந்த வயதில் மொத்த உயரத்தில் உட்கார்ந்த உயரம் 57 சதவீதம் போல இருக்க வேண்டும், இவளுக்கு 60-ஐத் தாண்டி இருக்கிறது, உடம்பு அதன் பாட்டுக்கு வளர்கிறது, கால்தான் பின்தங்கி நிற்கிறது என்று விளக்கினார்.

துணைக்கு வந்திருந்த அப்பா அதுவரை கதவோரம் நின்றுகொண்டிருந்தார். மெதுவாக முன்னால் வந்து, "டாக்டரம்மா, இத எங்கிட்ட கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே," என்றார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. ஊருக்கு வந்ததும் பரணிலிருந்து பழைய அளவு நோட்டுகளை எடுத்துப் போட்டார். நீள வாக்கில் திறக்கிற, சிவப்பு முதுகு வைத்த நோட்டுகள். ஒவ்வொரு மே மாதமும் பள்ளிக்கூட யூனிஃபார்ம் அளவு அதில் எழுதியிருக்கும். 1988-ல் நான் ஒன்றாம் வகுப்பு. சட்டை உயரம் 16, பாவாடை உயரம் 16. அதே பக்கத்தில் எதிர்வீட்டுப் பிள்ளை, என் வகுப்புத்தான்: சட்டை 16, பாவாடை 17½. 1992-ல் ஐந்தாம் வகுப்பு. எனக்குச் சட்டை 19, பாவாடை 17¾. அவளுக்குச் சட்டை 19½, பாவாடை 22. நாலு வருஷத்தில் என் சட்டை மூன்று அங்குலம் வளர்ந்திருக்கிறது. பாவாடை இரண்டு அங்குலம்கூட வளரவில்லை.

தையற்காரர்கள் வளர்கிற பிள்ளைகளுக்குத் தைக்கும்போது பாவாடையின் கீழே இரண்டு அங்குலம் மடித்து வைத்துத்தான் தைப்பார்கள். அடுத்த வருஷம் மடிப்பைப் பிரித்துவிட்டால் அதே பாவாடையைப் போட்டுக்கொள்ளலாம். மே மாதம் முழுக்க அப்பாவின் கடையில் பிளேடால் நூலைக் கீறும் சத்தமாகத்தான் இருக்கும். தெருவில் உள்ள பிள்ளைகளின் மடிப்பெல்லாம் பிரியும். என் பாவாடை மடிப்பும் அக்காவின் மடிப்பும் துணி கிழியும்வரை அப்படியே இருந்தன. அப்பாவுக்கு அது தெரியும். நாற்பது வருஷமாக எழுதிக்கொண்டே இருந்தவருக்கு, அது மருத்துவர்களும் எழுதிக்கொண்டிருக்கிற ஒரு நோய் என்பதுதான் தெரியாது.

சரி, கால் மட்டும் ஏன்?

குழந்தை பிறக்கும்போது உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரை உள்ள பகுதி மொத்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கால் சின்னது. அதற்குப் பிறகு பருவமடையும்வரை வேகமாக வளர்வது கால்தான். அந்த வேகத்தில்தான் உட்கார்ந்த உயரத்தின் பங்கு வருஷாவருஷம் குறைந்து, பத்துப் பன்னிரண்டு வயதில் பாதிக்குச் சற்று மேலே வந்து நிற்கும். முதுகெலும்பு பருவ வயதில்தான் தன் பங்குக்கு நன்றாக நீளும். ஆக, சின்ன வயதில் வளர்ச்சியைக் கெடுக்கிற நோய் பெரும்பாலும் அந்த நேரத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிற காலைத்தான் முதலில் பிடிக்கும்.

எலும்பு தன் நுனிக்கு அருகே உள்ள குருத்தெலும்புத் தட்டில்தான் நீள்கிறது. அங்கே செல்கள் தூண் தூணாக அடுக்கி நிற்கும். மேலே உள்ளவை பெருகும், கீழே போகப் போக உப்பும், கடைசியில் இறந்து அந்த இடத்தில் சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் படிந்து எலும்பாகும். உப்பிய செல் இறக்கவேண்டிய நேரத்தில் இறப்பதற்கே பாஸ்பேட் தேவை. ரத்தத்தில் பாஸ்பேட் குறைந்தால் அந்தச் செல்கள் இறக்காமல் குவிந்துகொண்டே போகும். தட்டு தடிக்கும், விளிம்பு பிய்ந்த துணி போல ஆகும், எலும்பின் நுனி கிண்ணம் மாதிரி குழியும். எக்ஸ்ரேயில் தெரிவது அதுதான். காலின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முழங்காலைச் சுற்றி உள்ள இரண்டு தட்டுகளிலிருந்து வருகிறது: தொடையெலும்பின் கீழ்நுனி, கீழ்க்கால் எலும்பின் மேல்நுனி. தொடையின் கீழ்த்தட்டு மட்டும் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல நீளம் சேர்க்கும். உடம்பிலேயே இவ்வளவு வேகமாக வேலை செய்கிற தட்டு வேறில்லை. பாஸ்பேட் தட்டுப்பாடு அங்கேதான் அதிகமாக உறைக்கும். முதுகெலும்பு அப்படி இல்லை. அதன் வளர்ச்சி இத்தனை முள்ளெலும்புகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து கிடக்கிறது. அதனால் பெரிய சேதம் இல்லாமல் தப்பிவிடுகிறது.

நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. கால் வளைந்திருப்பதால்தான் குட்டையாக இருக்கிறோம், வளைந்த கம்பியை நிமிர்த்தினால் நீளமாகிவிடும் இல்லையா, அதுபோல என்று. அது பாதி உண்மைதான். வளைவு சில சென்டிமீட்டரைத் தின்றுவிடும். ஆனால் எங்கள் கைகளும் குட்டைதான். கை எடையைத் தாங்குவதில்லை, வளைவதும் இல்லை, இருந்தும் குட்டை. அப்பாவுக்குச் சட்டை தைக்கும்போது தோளும் மார்பும் ஓர் அளவு சொல்லும், கைநீளம் வேறு அளவு சொல்லும். ஜெர்மனியில் இந்த நோய் உள்ள 76 குழந்தைகளின் உடம்பைப் பகுதி பகுதியாக அளந்து 2011-ல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் வந்தது. மிக அதிகம் பின்தங்கியது கால், அடுத்தது கை, மிகக் குறைவு உடற்பகுதி. காலும் உடற்பகுதியும் ஒன்றையொன்று விட்டுவிட்டுத் தனித்தனி வேகத்தில் போகின்றன. சின்ன வயதில் அந்த இடைவெளி வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது. அப்பாவின் சிவப்பு நோட்டில் இருப்பதும் இதுவேதான், அங்குலக் கணக்கில்.

நோயின் கதையையும் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் டி கண்டுபிடித்த பிறகு ரிக்கெட்ஸ் தீர்ந்த பிரச்சினை என்று மருத்துவ உலகம் நிம்மதியாக இருந்த காலத்தில், 1937-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற மருத்துவர் 16 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். வழக்கமான அளவு வைட்டமின் டிக்கு அடங்காத ரிக்கெட்ஸ். அதிலிருந்து இதற்கு 'வைட்டமின் டிக்கு மசியாத ரிக்கெட்ஸ்' என்றே பெயர் வந்தது. 1958-ல் ராபர்ட் வின்டர்ஸும் அவர் குழுவும் வட கரோலினாவில் ஒரு பெரிய குடும்பத்தின் தலைமுறைகளைத் தேடிப்பிடித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கால் வளைவை வைத்துப் பார்த்தால் கணக்குக் குழம்பியது. ரத்தத்தில் பாஸ்பேட் குறைவா என்று பார்த்தபோது தெளிந்தது: நோயுள்ள அப்பாவின் பெண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இருக்கிறது, ஆண்பிள்ளைகள் ஒருவருக்கும் இல்லை.

அப்பாவிடம் ஒரே எக்ஸ் குரோமோசோம்தான். அது மகளுக்குப் போகும். மகனுக்குப் போவது ஒய். அதனால்தான் அக்காவுக்கும் எனக்கும் வந்தது, தம்பிக்கு வரவில்லை. எனக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் கோளாறு, ஒன்றில் இல்லை. என் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், பாதிக்குப் பாதி வாய்ப்பு. என் பெரியவன் தப்பினான். சின்னவள் தப்பவில்லை. ஏறக்குறைய 20,000 பிறப்புகளில் ஒன்று என்கிறார்கள். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாக வருவதும் உண்டு.

டாக்டரம்மா ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு இதை விளக்கியபோது அப்பா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "அப்ப எங்கிட்ட இருந்துதான் போயிருக்கு, இல்லீங்களா?" அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, நீங்க குடுத்தது இல்ல. உங்களுக்குத் தெரியாம போனது," என்றார். அப்பா தலையாட்டினார். திரும்பி வரும்போது ரயிலில் காட்பாடியிலிருந்து விழுப்புரம்வரை அவர் பேசவே இல்லை. பேத்தி அவர் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய முழங்காலைத் தடவிக்கொண்டே வந்தார்.

1995-ல் அந்த எக்ஸ் குரோமோசோமில் பழுதான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். ஃபெக்ஸ் என்று பெயர். 2000-ல் எஃப்.ஜி.எஃப்.23 என்ற ஹார்மோன் தெரியவந்தது. எலும்புக்குள் இருக்கும் செல்கள் சுரக்கிற ஹார்மோன் அது. ரத்தத்தில் பாஸ்பேட் கூடினால் சிறுநீரகத்துக்குச் சொல்லி வெளியேற்றச் செய்வது அதன் வேலை. எங்கள் உடம்பில் ஃபெக்ஸ் பழுதானதால் அந்த ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. சிறுநீரகம் வடிகட்டிய பாஸ்பேட்டைத் திருப்பி இழுத்துக்கொள்ளாமல் சிறுநீரில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அதே ஹார்மோன் வைட்டமின் டியை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுவதையும் தடுக்கிறது. அதனால்தான் 6 லட்சம் யூனிட் ஊசி எத்தனை போட்டாலும் பயனில்லை. வெயிலும் பாலும் முட்டையும் குறைந்து வந்த நோய் இல்லை இது. என் அம்மா வாழ்நாள் முழுக்கச் சுமந்த பழி இது. பிள்ளைகளுக்குச் சரியாகப் போட்டு வளர்க்கவில்லை என்று எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பாள். நோயின் பெயர் தெரிவதற்கு மூன்று வருஷம் முன்பே அவள் போய்விட்டாள். எனக்கு அதில் தீராத வருத்தம்.

மருந்து என்றால் வாய்வழிப் பாஸ்பேட்டும், ஏற்கெனவே மாற்றப்பட்ட வைட்டமின் டி வடிவமான கால்சிட்ரியாலும். நம் ஊரில் பல குழந்தைகள் குடிப்பது ஜூலி கரைசல் என்கிற திரவம். ஒரு மில்லியில் 30 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கும். புளிப்பும் உப்புமாக நாக்கைச் சுருட்டும். ஒரே வேளையில் மொத்தமாகக் கொடுத்துவிட முடியாது. கொடுத்த சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும், வயிறும் கடகடவென்று போகும். அதனால் ஒரு நாளைக்கு ஐந்து வேளை: காலை ஆறு, பத்து, இரண்டு, ஆறு, பிறகு படுக்கும்போது. பாலோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது, பாலில் உள்ள சுண்ணாம்பு பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். பத்து மணி வேளையும் இரண்டு மணி வேளையும் பள்ளிக்கூடத்தில். எல்.கே.ஜி. ஆயாம்மா ஒருவர் முகம் சுளிக்காமல் மூன்று வருஷம் அதை ஊற்றிக் கொடுத்தார். அவருக்கு நான் எந்த நன்றியும் சொல்லித் தீர்க்க முடியாது.

அளவு கூடினால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். கழுத்தில் இருந்து சுண்ணாம்புச் சத்தைக் கட்டுப்படுத்துகிற பாராதைராய்டு சுரப்பி கெட்டுப்போகும். குறைந்தால் எலும்பு வளராது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீர், குறிப்பிட்ட இடைவெளியில் சிறுநீரக ஸ்கேன். இத்தனை செய்தும் தட்டுகள் முழுசாகச் சரியாவதில்லை, பெரும்பாலான குழந்தைகள் சராசரி உயரத்தை எட்டுவதில்லை. எப்போது ஆரம்பித்தோம் என்பதுதான் முக்கியம். டொரண்டோவில் 2003-ல் வந்த ஓர் ஆய்வில், ஒரு வயது முடிவதற்குள் மருந்து தொடங்கிய குழந்தைகள் பிறகு தொடங்கியவர்களைவிட உயரமாக வளர்ந்திருந்தார்கள். கால் வேகமாக ஓடுகிற காலம் அதுதானே. என் மகளுக்கு மூன்றே கால் வயதில் தொடங்கினோம். அந்த வட்டம் போட்ட தாளை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

2018-ல் புரோசுமாப் என்ற ஊசி மருந்துக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. ஜப்பானியக் கம்பெனியான கியோவா கிரினின் ஆராய்ச்சியில் பிறந்தது. எஃப்.ஜி.எஃப்.23-ஐயே பிடித்துக் கட்டிவிடும் எதிர்ப்பொருள். குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடவேண்டும். ஒன்று முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள 61 குழந்தைகளைப் பழைய மருந்து ஒரு பக்கம், இந்த ஊசி ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2019-ல் வந்தது. எக்ஸ்ரேயில் தட்டுகள் ஊசி போட்டவர்களுக்குத் தெளிவாக நன்றாக ஆறியிருந்தன. உயரம் கூடியது கொஞ்சம்தான். அதைப் படித்த இரவு நான் மகிழ்ச்சியும் துக்கமுமாக வெகுநேரம் விழித்திருந்தேன். அந்த மருந்தின் விலை எங்களைப் போன்ற குடும்பங்கள் கேட்டுவிட்டு எழுந்து வரவேண்டிய விலை. 20,000-ல் ஒரு குழந்தைக்கு வருகிற நோய் என்றால், இந்த நாட்டில் இது எத்தனை ஆயிரம் வீடு என்று பாருங்கள். அரசாங்கம் இதை ஏற்று நடத்தவேண்டும் என்று நான் கேட்பேன், கேட்டுக்கொண்டே இருப்பேன்.

மகளுக்கு எட்டு வயதானபோது இரண்டு முழங்காலிலும் வெளிப்பக்கம் சின்னச் சின்ன உலோகத் தகடு வைத்தார்கள். எட்டு வடிவத் தகடு, இரண்டு திருகு. வளர்ச்சித் தட்டின் ஒரு பக்கத்தை மட்டும் கட்டிப்போட்டால், மறுபக்கம் வளர்ந்து காலைத் தானே நிமிர்த்திவிடும். எலும்பை வெட்டவேண்டியதில்லை. ஆனால் வளர்ச்சி பாக்கி இருக்கும்போதே செய்யவேண்டும். ஒன்றரை வருஷத்தில் கால் நேரானது. செய்வதற்கு முன்பே எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார்: "நேராகும்மா. நீளாது." அந்த வாக்கியத்தை முன்கூட்டியே சொன்னதற்காக அவரை மதிக்கிறேன்.

இந்த உடல்வாகு அன்றாடத்தில் என்ன செய்யும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. காலைப் பிரார்த்தனை வரிசையில் மகள் முதல் ஆள். உயரப்படி முதல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்ததும் அவள் தலை மற்றவர்கள் தலைக்குச் சமமாக வந்துவிட்டது. பின்னால் இருந்த பிள்ளைக்கு போர்டு மறைக்கிறது என்று புகார். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை, எழுந்து நிற்கச் சொல்லி, உட்காரச் சொல்லி, மறுபடி எழச் சொல்லிப் பார்த்திருக்கிறார். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்ததாம். வீட்டுக்கு வந்து அழுதாள். மறுநாள் நான் போய் விளக்கினேன். ஓரத்து பெஞ்சுக்கு மாற்றினார்கள். தரை எட்டாமல் கால் தொங்கினால் தொடை வலிக்கும் என்று அப்பா ஒரு பலகையை அறுத்துக் காலடியில் வைக்கக் கொடுத்தனுப்பினார்.

கடையில் வாங்குகிற சுடிதார் செட்டும் அப்படித்தான். மேல்சட்டை அவள் வயதுக்குச் சரியாக இருக்கும், பேன்ட் மூன்று வயது சின்னப் பிள்ளையின் அளவு வேண்டும். செட்டாகத்தான் விற்பார்கள். தாத்தா இருக்கும்வரை அவளுக்கு அந்தக் கவலை இல்லை. சைக்கிள் வேறு கதை: சீட்டை இறக்கினால் கால் எட்டும், ஆனால் முதுகு நீளமானதால் ஹேண்டில் மடியில் வந்து இடிக்கும். அடுத்த பெரிய சைக்கிளில் முதுகுக்குச் சரி, பெடல் எட்டாது. மெக்கானிக் ஒருவர் பெடலில் மரக்கட்டை கட்டிக் கொடுத்தார்.

பல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். சொத்தையே இல்லாத பல்லில் சீழ் வைக்கும். பல்லின் உள்திசுவும் இந்த நோயில் சரியாகக் கெட்டிப்படுவதில்லை. எனக்கு முப்பது வயதுக்குள் ஐந்து பல் போனது. ஒவ்வொரு தடவையும் இனிப்பு தின்றதாகத்தான் திட்டு வாங்கினேன். பெரியவர்களானதும் தசைநார் எலும்போடு சேரும் இடங்களில் சுண்ணாம்பு படிந்து இடுப்பும் முதுகும் இறுகிவிடும். அப்பாவால் இப்போது குனிய முடிவதில்லை. கீழே விழுந்த ஊசியைக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி எடுக்கிறார்.

உயரத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தால் எங்கள் பிள்ளைகளைப் பற்றி எதுவுமே தெரியாது என்பதைத்தான் நான் இத்தனை வருஷத்தில் கற்றேன். ஒரு வருஷத்தில் ஐந்து சென்டிமீட்டர் கூடினால் டாக்டர் சந்தோஷப்படுவார், நாமும் சந்தோஷப்படுவோம். அந்த ஐந்தில் நான்கு முதுகில் சேர்ந்திருந்தால் மருந்து காலுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பருவ வயதில் முதுகு நீள ஆரம்பித்ததும் இந்த ஏமாற்றம் இன்னும் எளிது. அதனால் நாங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்டூலைப் போட்டு அளக்கிறோம். சமதளமான ஸ்டூல், ஒரு சுவர், தலையில் வைக்க ஓர் அட்டை, ஓர் இஞ்ச் டேப். வீட்டில் இருக்கிற பொருள்தான். ஆனால் எப்போதும் அதே ஸ்டூல், அதே நேரம், காலை என்றால் காலைதான், ஏனென்றால் சாயங்காலம் எல்லோருடைய முதுகும் கொஞ்சம் அமுங்கிவிடும்.

எட்டு வயதில் மகள் 115, உட்கார்ந்தால் 65, காலுக்கு 50. பதினொரு வயதில் 132, 72, 60. உட்கார்ந்த உயரத்தின் பங்கு மூன்று வயதில் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தது, எட்டில் 56½, பதினொன்றில் 54½. இந்த நோயில் கூடிக்கொண்டே போகவேண்டிய இடைவெளி இவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆவதில்லை. ஐந்து வேளை மருந்தைத் தவறாமல் குடித்தும் இடைவெளி கூடிய பிள்ளைகளை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாக்களிடம் நான் எங்கள் எண்களைச் சொல்லமாட்டேன்.

அளப்பது தாத்தாதான். சென்டிமீட்டரில் நான் எழுதுவேன், அவர் தன் நோட்டில் அங்குலத்தில் எழுதிக்கொள்வார். 75 வயது, எண் சரியாகத் தெரியவில்லை என்று டேப்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். பேத்தியின் பெயரில் தனி நோட்டு போட்டிருக்கிறார். அதில் பேன்ட் உயரம், சட்டை உயரம், கைநீளம், மூன்று பத்தி.

இந்த ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் அவள் போன வருஷத்துப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். கணுக்காலுக்கு மேலே நின்றது. அப்பா அவளை மேஜைமேல் ஏற்றி நிற்கவைத்து, மிஷின் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்து மடிப்பைப் பிரித்தார். ஒரு கால், அப்புறம் மறு கால். நூலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, துணியைக் கீழே இழுத்து விட்டு, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். எங்கள் வீட்டில் மடிப்பு பிரிந்து நான் பார்த்தது அன்றுதான்.

துவைத்துத் துவைத்துப் பேன்ட் வெளிறியிருந்தது. மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் புதுசாக, கருநீலமாக, இரண்டு அங்குலத்துக்குப் பட்டையாகத் தெரிந்தது. மகள் குனிந்து பார்த்தாள்.

"தாத்தா, இந்தக் கோடு நல்லாவே இல்ல. எனக்குப் புதுசு தைச்சுத் தாங்க," என்றாள்.